கலிஃபோர்னியா சார்ட்டர் பள்ளிக்கு அரசுப் பணம் வரும் வழி: மனு முதல் தணிக்கை வரை

சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில், தனிக் குழு தன் பொறுப்பில் நடத்தும் பொதுப் பள்ளி. அமெரிக்காவில் அதற்கான சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் மினசோட்டா, 1991இல். அடுத்த ஆண்டே கலிஃபோர்னியா பின்தொடர்ந்தது. இன்று அங்கே ஏறத்தாழ 1,300 சார்ட்டர் பள்ளிகள் இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கமும் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர் இந்தப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறார்கள். சிலர் நிர்வாகக் குழுக்களில் உட்காருகிறார்கள், சிலருக்குப் புதிதாக ஒன்றைத் தொடங்கும் எண்ணமும் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. பாடத்திட்டம் பற்றி இதில் எதுவும் இல்லை. பணம் எங்கிருந்து, எந்தக் கணக்கில், எந்த மாதத்தில் வருகிறது என்பது மட்டும்தான்.

ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியா அரசு பள்ளிக்குப் பணம் தருவதில்லை. அன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குத் தருகிறது. அதையும் தாமதமாகத்தான் தருகிறது. இந்த இரண்டும் மனத்தில் பதிந்துவிட்டால் மற்ற விதிகள் எல்லாம் தானாகப் புரியும். பதியாத நிர்வாகக் குழு, நல்ல ஆசிரியர்களையும் நல்ல நோக்கத்தையும் வைத்துக்கொண்டே அக்டோபர் மாதச் சம்பளத்துக்குத் தவிக்கும்.

படி 1: எதைத் தொடங்குகிறோம் என்று தெளிவாக இருங்கள்

சார்ட்டர் பள்ளி என்பது பொதுப் பள்ளி. கட்டணம் வாங்கக் கூடாது, மதம் போதிக்கக் கூடாது, சேர்க்கைக்குத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுக்கக் கூடாது. இடத்தைவிட அதிகம் பேர் கேட்டால் குலுக்கல்தான். ஏற்கெனவே நடக்கும் தனியார் பள்ளியை சார்ட்டராக மாற்றவும் சட்டம் இடம் தராது. 'நாங்கள் நடத்தும் பள்ளியை அப்படியே சார்ட்டராக்கிவிடலாமா' என்று கேட்பவர்களுக்குப் பதில்: முடியாது.

தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் பள்ளியைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதே கண்ணோட்டத்தோடு இதை அணுகினால் குழப்பம் வரும். அங்கே அனுமதிக்கப்பட்ட பணியிடத்துக்கு அரசு சம்பளம் தருகிறது. இங்கே பணியிடம் என்ற பேச்சே கிடையாது. தலைக்கு இவ்வளவு என்று மொத்தமாக வரும் தொகையில் சம்பளம், வாடகை, மின்கட்டணம், ஓய்வூதியப் பங்கு எல்லாவற்றையும் நீங்களே பிரித்துச் சமாளிக்க வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் வருமானம் உடனே குறையும். ஆசிரியர் செலவு அப்படிக் குறையாது.

படி 2: மனுவோடு வரவுசெலவுத் திட்டத்தையும் எழுதுங்கள்

பள்ளி அமையப்போகும் இடத்தின் பள்ளி மாவட்டத்திடம்தான் (அந்தப் பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) பெரும்பாலும் முதலில் மனு கொடுக்க வேண்டும். முதல் ஆண்டில் சேரும் என்று நீங்கள் கணிக்கும் மாணவர் எண்ணிக்கையில் குறைந்தது பாதி அளவுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அல்லது முதல் ஆண்டுக்குத் தேவைப்படும் ஆசிரியர்களில் பாதிப் பேரின் கையெழுத்து வேண்டும். மனு கொடுத்த 60 நாளுக்குள் பொது விசாரணை, 90 நாளுக்குள் முடிவு என்பது விதி. மறுத்தால் கவுண்டிக்கு, அதாவது பள்ளி மாவட்டத்துக்கு மேலே உள்ள வட்டார நிர்வாகத்துக்கு, மேல்முறையீடு செய்யலாம்.

2019இல் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட ஏ.பி. 1505 சட்டம் இந்தக் கட்டத்தை மிகவும் கடினமாக்கிவிட்டது. அதற்கு முன்பு, உங்கள் பள்ளியால் மாவட்டத்தின் வருமானம் குறையும் என்பதை மறுப்புக்குக் காரணமாகக் காட்ட முடியாது. இப்போது, நிதி நெருக்கடியில் இருக்கும் மாவட்டம் இந்தச் சுமையைத் தாங்கும் நிலையில் தான் இல்லை என்று காட்டியே மறுக்கலாம். ஆகவே மனு எழுத உட்காருவதற்கு முன்னால் அந்த மாவட்டத்தின் கடைசி இரண்டு இடைக்கால நிதி அறிக்கைகளைப் படியுங்கள். அவை பொது ஆவணங்கள், இணையத்திலேயே கிடைக்கும்.

மனுவில் தொடக்கச் செலவு, மூன்று ஆண்டுக்கான வரவுசெலவு, பண வரத்துக் கணிப்பு ஆகியவை இருக்க வேண்டும். பலரும் ஆண்டு மொத்தத்தைக் கவனமாகப் போட்டுவிட்டு, மாதவாரியான வரத்தைக் கடைசி நேரத்தில் பன்னிரண்டால் வகுத்து நிரப்பிவிடுகிறார்கள். அந்த மாதவாரிப் பட்டியல்தான் உங்கள் பள்ளியின் உயிர். ஏன் என்று படி 6இல் சொல்கிறேன்.

படி 3: நேரடி நிதியா, மாவட்டம் வழி நிதியா?

அனுமதி கிடைத்ததும் மாநிலக் கல்வி வாரியம் பள்ளிக்கு ஒரு சார்ட்டர் எண் தரும். அதன்பின் பள்ளிக்கான குறியீட்டு எண் வாங்க வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் மாநிலக் கருவூலத்திலிருந்து ஒரு டாலர்கூட நகராது.

அப்போதே ஒரு தேர்வும் செய்ய வேண்டும். நேரடி நிதி என்றால் மாநிலப் பணம் கவுண்டி வழியாக உங்கள் பள்ளியின் பெயருக்கே வரும். மாவட்டம் வழி நிதி என்றால் மாவட்டத்தின் கணக்கில் சேர்ந்து, அவர்கள் கணக்குப் பார்த்துத் தருவார்கள். இலாப நோக்கற்ற தனி அமைப்பாக நடத்துபவர்கள் நேரடி நிதியை எடுப்பதே நல்லது. கணக்கு வேலை கூடும்தான், ஆனால் பணம் யார் கையில் தங்கியிருக்கிறது என்ற கேள்விக்கே இடமிருக்காது.

இன்னொரு விதி: செப்டம்பர் 30க்குள் வகுப்பு தொடங்கியாக வேண்டும். கட்டடம் தயாராகவில்லை என்று அக்டோபருக்குத் தள்ளினால் அந்த ஆண்டுக்கான நிதியே கிடைக்காது.

படி 4: எல்.சி.எஃப்.எஃப். (உள்ளூர்க் கட்டுப்பாட்டு நிதிச் சூத்திரம்) கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

2013இல் ஜெர்ரி பிரவுன் ஆளுநராக இருந்தபோது வந்த சூத்திரம் இது. அதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட தலைப்புகளில் சிதறி வந்த மானியங்களைத் திரட்டி, எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்று ஒரே கணக்காக்கினார்கள். மாவட்டப் பள்ளிக்கும் சார்ட்டர் பள்ளிக்கும் ஒரே அடிப்படை விகிதம்.

அதன் முதல் பகுதி அடிப்படை மானியம். 2024-25 ஆண்டில் ஒரு மாணவருக்கு: மழலை முதல் 3ஆம் வகுப்பு வரை 11,068 டாலர், 4 முதல் 6 வரை 10,177, 7, 8 வகுப்புகளுக்கு 10,478, 9 முதல் 12 வரை 12,460. முதல் பிரிவின் தொகைக்குள் சிறிய வகுப்பு நடத்துவதற்கான 10.4 சதவீதக் கூடுதலும், கடைசிப் பிரிவின் தொகைக்குள் தொழிற்கல்விக்கான 2.6 சதவீதக் கூடுதலும் அடங்கும். விலைவாசிக்கு ஏற்ப இவை ஆண்டுதோறும் மாறும்.

இரண்டாவது துணை மானியம். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், வளர்ப்புக் காப்பகப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகள் ஆகியோர் மொத்தச் சேர்க்கையில் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். ஒரே பிள்ளை மூன்று வகையிலும் வந்தாலும் ஒரு முறைதான் எண்ணப்படும். அந்தச் சதவீதத்தை அடிப்படை மானியத்தின் 20 சதவீதத்தோடு பெருக்கினால் துணை மானியம் வரும்.

மூன்றாவது செறிவு மானியம். அந்தச் சதவீதம் 55ஐத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு அடிப்படை மானியத்தில் 65 சதவீதம் கூடுதல். 2021-22க்கு முன் இது 50 சதவீதமாக இருந்தது.

ஒரு கற்பனைப் பள்ளியை வைத்துப் போட்டுப் பார்ப்போம். 9 முதல் 12 வரை, 300 மாணவர் சேர்க்கை, தினசரி வருகை 94 சதவீதம். அப்படியென்றால் கணக்கில் வரும் மாணவர் 282. அடிப்படை மானியம் 282 × 12,460 = 35,13,720 டாலர். மேலே சொன்ன வகைப் பிள்ளைகள் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். துணை மானியம் அடிப்படையில் 16 சதவீதம், அதாவது 5,62,195 டாலர். செறிவு மானியம்: 55க்கு மேலே 25 புள்ளி, அதில் 65 சதவீதம் என்றால் 16.25 சதவீதம், 5,70,979 டாலர். மொத்தம் ஏறத்தாழ 46,46,900 டாலர்.

பலரும் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆசிரியர்களை வேலைக்கு எடுத்துவிடுகிறார்கள். ஆனால் சார்ட்டர் பள்ளிகளுக்கு மட்டும் இன்னொரு விதி இருக்கிறது. செறிவு மானியத்துக்கு உங்கள் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பள்ளி எந்த மாவட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ, அந்த மாவட்டத்தின் சதவீதம்தான் உச்சவரம்பு. அந்த மாவட்டத்தின் அளவு 60 என்றால், உங்கள் பள்ளியில் 80 இருந்தாலும் 60 என்றே கொள்வார்கள். அப்போது செறிவு மானியம் 3.25 சதவீதம்தான், 1,14,196 டாலர். மொத்தம் ஏறத்தாழ 41,90,100க்கு இறங்கிவிடும். வித்தியாசம் 4,56,800 டாலர். நான்கைந்து ஆசிரியர்களின் சம்பளம்.

இந்த விதி அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். வசதியான மாவட்டத்தின் நடுவே ஏழைப் பிள்ளைகளைத் தேடிச் சேர்க்கும் பள்ளியைத்தான் இது அதிகமாகத் தண்டிக்கிறது. மாவட்டப் பள்ளியிலிருந்து வசதி குறைந்த பிள்ளைகளை மட்டும் பிரித்தெடுத்துக் கூடுதல் பணம் வாங்குவதைத் தடுக்க வந்த ஏற்பாடு என்று இதற்கு ஆதரவாகச் சொல்வார்கள். எப்படியிருந்தாலும் சட்டம் இதுதான். ஆகவே கட்டடம் தேடும்போதே, அந்த முகவரி எந்த மாவட்ட எல்லைக்குள் வருகிறது, அந்த மாவட்டத்தின் சதவீதம் என்ன என்று பாருங்கள். தெருவின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில்கூட இலட்சக்கணக்கான டாலர் அடங்கியிருக்கலாம்.

படி 5: மூன்று வழிகளில் வரும் பணத்தைப் பிரித்தறியுங்கள்

சூத்திரம் சொல்லும் மொத்தத் தொகை ஒரே இடத்திலிருந்து வராது.

முதலாவது, உள்ளூர்ச் சொத்து வரிக்கு ஈடான தொகை. மாவட்டம் வசூலிக்கும் சொத்து வரியில் உங்கள் மாணவர்களுக்கான பங்கை அந்த மாவட்டமே உங்களுக்கு மாற்ற வேண்டும். ஆகஸ்ட் தொடங்கி ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்பது சட்டம். தாமதமானால் தயங்காமல் எழுத்தில் கேளுங்கள். உங்கள் பங்கைத்தான் கேட்கிறீர்கள், சலுகையை அல்ல.

இரண்டாவது, கல்விப் பாதுகாப்புக் கணக்கு. 2012இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 30ஆம் முன்மொழிவால் வந்தது, 2016இல் 55ஆம் முன்மொழிவால் 2030 வரை நீண்டது. காலாண்டுக்கு ஒருமுறை வரும். ஒரு மாணவருக்குக் குறைந்தது 200 டாலர் உறுதி. இதை எதற்குச் செலவழிக்கிறோம் என்று நிர்வாகக் குழு பொதுக்கூட்டத்தில் தீர்மானித்து இணையதளத்தில் வெளியிட வேண்டும். நிர்வாகிகளின் சம்பளத்துக்குத் தொடக் கூடாது. பெரும்பாலான பள்ளிகள் முழுத் தொகையையும் ஆசிரியர் சம்பளத்தில் காட்டிவிடுகின்றன. அது எளிது, தணிக்கையிலும் சிக்கல் வராது.

மூன்றாவது, மாநில உதவி. முதல் இரண்டும் போக மீதியை மாநிலம் நிரப்பும். சொத்து வரி அதிகமாக வரும் ஊரில் மாநில உதவி குறையும், குறைவாக வரும் ஊரில் கூடும். மொத்தம் மாறாது. ஆனால் எந்த மாதத்தில் எவ்வளவு கையில் இருக்கும் என்பது இந்தக் கலவையைப் பொறுத்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியின் பண வரத்துப் பட்டியலை வாங்கிப் பெயரை மாற்றி வைத்துக்கொண்டால் போதாது என்று சொல்வது இதனால்தான்.

இவை தவிர லாட்டரிப் பணம், கூட்டரசின் மானியங்கள், உணவுத் திட்டத் தொகை என்று சிறுசிறு வரவுகள் உண்டு. லாட்டரி டிக்கெட் விற்பனையிலேயே பள்ளிகள் நடக்கின்றன என்று கலிஃபோர்னியாவில் பலர் நம்புகிறார்கள். உண்மையில் வரவுசெலவில் அது மிகச் சிறிய வரி.

படி 6: பணத்தின் நாட்காட்டியைச் சுவரில் ஒட்டுங்கள்

நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. மாநில உதவி ஜூலையில் 5 சதவீதம், ஆகஸ்டில் 5 சதவீதம், செப்டம்பர் முதல் ஜூன் வரை மாதம் 9 சதவீதம் என்று பிரித்து வரும். பன்னிரண்டால் வகுத்தால் தவறாகிவிடும் என்று சொன்னது இதைத்தான். பாடப்புத்தகம், மேசை நாற்காலி, காப்பீடு என்று செலவு குவியும் ஜூலை, ஆகஸ்டில்தான் வரவு மிகக் குறைவு.

இன்னும் ஒரு சிக்கல். ஜனவரி வரை வரும் தவணைகள் போன ஆண்டின் வருகைக் கணக்கை வைத்து வருகின்றன. நடப்பு ஆண்டின் முதல் கணக்கெடுப்பு டிசம்பர் 31க்குள் முடியும் கடைசி முழுப் பள்ளி மாதம் வரைக்குமானது. அதை மாநிலம் பிப்ரவரியில் உறுதிசெய்யும். அதன்பின்தான் தவணைகள் நடப்பு ஆண்டின் எண்ணிக்கைக்கு மாறும். இரண்டாவது கணக்கெடுப்பு ஏப்ரல் 15க்குள் முடியும் கடைசி முழுப் பள்ளி மாதம் வரை. ஆண்டு நிதியைத் தீர்மானிப்பது இதுதான். போன ஆண்டு 200 பேர், இந்த ஆண்டு 280 பேர் என்றால், அந்த 80 பேருக்கும் ஆகஸ்டிலிருந்து பாடம் நடத்துவீர்கள், பணமோ பிப்ரவரிக்குப் பிறகுதான் சரியாகும். புதிதாக ஒரு வகுப்பு நிலையைச் சேர்த்து வளரும் பள்ளிக்குச் சிறப்பு முன்பணம் உண்டு. அதற்கான மதிப்பீட்டுப் படிவத்தை ஜூலையிலேயே கேட்பார்கள். கோடை விடுமுறையில் யாரும் மின்னஞ்சல் பார்க்கவில்லை என்று இதைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

மாநிலமே பணமில்லாமல் திணறிய ஆண்டுகளும் உண்டு. 2008க்குப் பிந்தைய நெருக்கடியிலும், பெருந்தொற்றுக் காலமான 2020-21லும், வர வேண்டிய தவணைகளை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப்போட்டார்கள். பெரிய மாவட்டம் குறைந்த வட்டியில் கடன் வாங்கிச் சமாளிக்கும். சிறிய சார்ட்டர் பள்ளியோ வர வேண்டிய தவணையைத் தனியார் நிறுவனத்திடம் தள்ளுபடிக்கு விற்றுச் சம்பளம் போட வேண்டியிருக்கும். இந்தத் தள்ளுபடி என்பது பிள்ளைகளுக்கு வந்த பணத்திலிருந்து போகும் வட்டி. மூன்று மாதச் செலவுக்காவது கையிருப்பு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் இரண்டு ஆண்டுகளில் அது முடியாது, ஆனால் மூன்றாம் ஆண்டிலிருந்து வரவுசெலவில் இதற்கென ஒரு வரி இருந்தே ஆக வேண்டும்.

படி 7: முதல் ஆண்டைக் கடப்பது

புதிய பள்ளிக்குப் போன ஆண்டுக் கணக்கு என்று ஒன்று இல்லை. ஆகவே எதிர்பார்க்கும் மாணவர் எண்ணிக்கையை மாநிலக் கல்வித் துறையிடம் கொடுத்துச் சிறப்பு முன்பணம் வாங்க வேண்டும். அது கைக்கு வரும்போது பள்ளி திறந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். அப்புறம் முதல் 20 பள்ளி நாள்களின் உண்மையான வருகையை அனுப்ப வேண்டும். அதிகமாக மதிப்பிட்டிருந்தால் பின்வரும் தவணைகளில் பிடித்துக்கொள்வார்கள். எண்ணிக்கையை ஊதிச் சொல்வதால் ஒரு பயனும் இல்லை.

இடைவெளியை நிரப்ப மாநிலத்தின் சார்ட்டர் பள்ளிச் சுழல்நிதிக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். அதிகபட்சம் 2,50,000 டாலர், ஐந்து ஆண்டுக்குள் திருப்பிச் செலுத்த வேண்டும், தவணையை உங்கள் மாநில உதவியிலிருந்தே கழித்துக்கொள்வார்கள். கூட்டரசின் தொடக்க மானியமும் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் செலவழித்த பிறகு திருப்பித் தரும் வகை. அதை நம்பி முன்கூட்டி ஒப்பந்தம் போடாதீர்கள்.

படி 8: வருகைப் பதிவேடுதான் கல்லாப்பெட்டி

1998-99 முதல் கலிஃபோர்னியாவில் நியாயமான காரணத்தோடு எடுக்கும் விடுப்புக்கும் பணம் கிடையாது. காய்ச்சல் என்று மருத்துவர் சீட்டே கொடுத்தாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளை வரவில்லை, அவ்வளவுதான். மேலே சொன்ன கற்பனைப் பள்ளியில் தினசரி வருகை ஒரு சதவீதம் கூடினால் கணக்கில் மூன்று மாணவர் கூடுவார்கள். ஆண்டுக்கு 44,500 டாலருக்கு மேல். காலையில் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்ய ஒரு பணியாளரை வைப்பது வீண் செலவா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பணத்தை விடுங்கள், அடிக்கடி வராத பிள்ளைக்கு வீட்டில் ஏதோ நடக்கிறது என்பதும் அந்தப் போனில்தான் தெரியவரும்.

மாணவர் குறைந்தால் மாவட்டங்களுக்கு ஒரு மெத்தை உண்டு: நடப்பு ஆண்டு, போன ஆண்டு, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி ஆகியவற்றில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளலாம். சார்ட்டர் பள்ளிக்கு அந்தச் சலுகை இல்லை. நடப்பு ஆண்டு மட்டுமே.

வருகையைப் பணமாக்கும் நிபந்தனைகளும் உண்டு. ஆண்டுக்குக் குறைந்தது 175 நாள் பள்ளி நடக்க வேண்டும். மழலை வகுப்புக்கு 36,000 நிமிடம், 1 முதல் 3 வரை 50,400, 4 முதல் 8 வரை 54,000, 9 முதல் 12 வரை 64,800 நிமிடம் பாடம் நடக்க வேண்டும். குறைந்தால் குறைந்த விகிதத்துக்கு நிதி வெட்டுவார்கள். காட்டுத்தீப் புகையால் பள்ளி மூடிய நாள்களுக்கு விலக்குக் கேட்கலாம். ஆனால் அதற்கென விண்ணப்பிக்க வேண்டும், தானாகக் கிடைக்காது.

நம் குடும்பங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பரில் ஊருக்குப் போனால் பொங்கல் முடிந்துதான் திரும்புகிறோம். அந்த இரண்டு மூன்று வாரமும் பள்ளிக்கு வருகை இழப்பு, ஆகவே பண இழப்பு. முன்கூட்டியே சொன்னால் பள்ளி 'தனிப் படிப்பு' ஒப்பந்தம் ஒன்று எழுதி, பெற்றோர், மாணவர், ஆசிரியர் கையெழுத்திட்டு, பிள்ளை ஊரில் இருந்தபடியே பாட வேலையை முடித்தால் அந்த நாள்களும் கணக்கில் சேரும். திரும்பி வந்தபின் சொன்னால் அந்த நாள்களைக் கணக்கில் சேர்ப்பது கடினம். பெற்றோராக இருப்பவர்கள் டிக்கெட் எடுத்த அன்றே பள்ளி அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதை அக்டோபரிலேயே எல்லா வீட்டுக்கும் எழுதி அனுப்புங்கள்.

படி 9: வருமானப் படிவத்தை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாங்குங்கள்

துணை மானியமும் செறிவு மானியமும் அக்டோபர் மாத முதல் புதன்கிழமை நிலவரப்படி மாநிலத் தரவுத்தளத்தில் பதிவாகும் விவரத்தைப் பொறுத்தவை. மூன்று ஆண்டு எண்ணிக்கையைச் சேர்த்துச் சராசரி எடுப்பதால், ஒரு ஆண்டு தவறவிட்டால் அதன் பாதிப்பு மூன்று ஆண்டுக்குத் தொடரும்.

2022-23 முதல் கலிஃபோர்னியாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு. அருமையான சட்டம். ஆனால் முன்பு மதிய உணவுக்காகப் பெற்றோர் நிரப்பிய வருமானப் படிவத்தை இப்போது யாரும் நிரப்புவதில்லை. சாப்பாடுதான் கிடைக்கிறதே, பிறகு எதற்கு என்று நினைக்கிறார்கள். அந்தத் தாளை நம்பித்தான் பள்ளியின் கூடுதல் மானியம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. குடியேற்ற நிலை பற்றிய பயத்தில் தவிர்ப்பவர்களும் உண்டு. அந்தப் படிவம் அதைக் கேட்பதில்லை என்று அவர்கள் மொழியிலேயே, முடிந்தால் நேரில் சொல்ல வேண்டும். சேர்க்கைத் தாள்களோடு சேர்த்தே வாங்கிவிடுவது சிறந்த வழி.

இந்தக் கூடுதல் பணத்தை எந்தப் பிள்ளைகளின் பெயரில் வாங்கினோமோ அவர்களுக்கான சேவையைக் கூட்டவோ மேம்படுத்தவோதான் செலவழிக்க வேண்டும். அதை விளக்கும் திட்டத்தைப் பெற்றோரோடு கலந்து தயாரித்து ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1க்குள் ஏற்க வேண்டும்.

படி 10: சிறப்புக் கல்விக்கு முன்கூட்டியே வழி செய்யுங்கள்

சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்ல சார்ட்டர் பள்ளிக்கு உரிமை இல்லை. இதற்கான பணம் வட்டாரக் கூட்டமைப்புகள் வழியாக வருகிறது. மாவட்டத்தின் ஒரு பள்ளியாகவே இருந்து சேவையை மாவட்டத்திடம் விட்டுவிட்டு உங்கள் பங்கைக் கட்டலாம். அல்லது எல் டொராடோ கவுண்டி நடத்துவது போன்ற சார்ட்டர் பள்ளிகளுக்கான கூட்டமைப்பில் தனி அமைப்பாகச் சேர்ந்து, பணத்தையும் பொறுப்பையும் நீங்களே ஏற்கலாம். இரண்டாவதில் சுதந்திரம் அதிகம். ஆனால் அதிகப் பராமரிப்புத் தேவைப்படும் ஒரு பிள்ளை வந்தாலும் செலவைத் தாங்கும் ஏற்பாடு வேண்டும். வரும் மானியம் எந்தப் பள்ளிக்கும் முழுச் செலவுக்குப் போதுவதில்லை, பொது நிதியிலிருந்து எடுத்துப் போடத்தான் வேண்டும். வரவுசெலவில் இதை முதலிலேயே எழுதுங்கள்.

படி 11: கட்டடம்

மாவட்டப் பள்ளிக்குக் கட்டடம் பத்திரக் கடனில் எழுகிறது. சார்ட்டர் பள்ளியோ பல நேரம் வகுப்பறைக்கு வர வேண்டிய பணத்திலிருந்தே வாடகை கொடுக்கிறது. இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, 2000இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 39ஆம் முன்மொழிவு. மாவட்டத்துக்குள் வசிக்கும் மாணவர் சராசரி 80 பேராவது உங்கள் பள்ளியில் இருந்தால், மற்ற மாவட்டப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ இணையான இடத்தை மாவட்டம் தர வேண்டும். நவம்பர் 1க்குள் எழுத்தில் கேட்க வேண்டும். பிப்ரவரி 1க்குள் முதற்கட்ட முன்மொழிவும் ஏப்ரல் 1க்குள் இறுதி முன்மொழிவும் வரும், மே 1க்குள் ஏற்க வேண்டும். கணிப்பில் குறிப்பிடும் ஒவ்வொரு மாணவருக்கும் சேர விருப்பம் தெரிவித்த கையெழுத்துப் படிவத்தைக் கையில் வைத்திருங்கள். பெரும்பாலான சண்டை அந்த எண்ணிக்கையில்தான் நடக்கும்.

இரண்டு, எஸ்.பி. 740 என்று அழைக்கப்படும் வாடகை மானியம். தனியாரிடம் வாடகைக்கு எடுத்த இடத்துக்கு, வாடகையில் 75 சதவீதம் அல்லது மாணவர் தலைக்கு நிர்ணயித்த தொகை, இரண்டில் குறைந்தது கிடைக்கும். பள்ளியிலோ அந்த வட்டாரத் தொடக்கப் பள்ளிப் பகுதியிலோ 55 சதவீதம் பிள்ளைகளாவது இலவச, சலுகை உணவுக்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். படி 9இல் சொன்ன படிவம் இங்கேயும் கைகொடுக்கும்.

படி 12: இணையவழிப் பள்ளி நினைப்பவர்களுக்கு

கற்பித்தல் நேரத்தில் குறைந்தது 80 சதவீதம் பள்ளி இடத்தில் நடக்கவில்லை என்றால் அது வகுப்பறை சாராத பள்ளி. அதற்கு முழு நிதி தானாக வராது. மாநில வாரியத்திடம் நிதி நிர்ணயம் கேட்க வேண்டும். வருமானத்தில் 40 சதவீதம் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களுக்கும் 80 சதவீதம் கற்பித்தலுக்கும் அது சார்ந்த சேவைகளுக்கும் போயிருக்க வேண்டும், ஆசிரியருக்கு 25 மாணவர் என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும்.

2019இல் சான் டியேகோ கவுண்டியில் தொடரப்பட்ட ஏ3 வழக்கில், இத்தகைய பள்ளிகளின் வலையமைப்பு ஒன்று 400 மில்லியன் டாலர் அளவுக்கு மாநிலப் பணம் பெற்றது வெளியே வந்தது. உண்மையில் படிக்காத பிள்ளைகளின் பெயர்களும் பதிவில் இருந்தன. அதே ஆண்டுச் சட்டத்தால் 2020 ஜனவரி முதல் இவ்வகையில் புதிய பள்ளிகளுக்குத் தடை வந்தது, பிறகு அது நீட்டிக்கப்பட்டது. நேர்மையாக நடத்தியவர்களும் இதில் பாதிக்கப்பட்டார்கள். இந்த எண்ணம் உள்ளவர்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் தற்போதைய சட்ட நிலையைப் பாருங்கள்.

படி 13: அறிக்கைகள், கண்காணிப்புக் கட்டணம், தணிக்கை

அனுமதி தந்த மாவட்டம் கண்காணிப்புச் செலவாக உங்கள் வருமானத்தில் 1 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் வாடகையில்லாமல் கட்டடம் கொடுத்திருந்தால் 3 சதவீதம் வரை. இதற்கு மேல் 'சேவைக் கட்டணம்' என்று ஒப்பந்தத்தில் ஏதாவது இருந்தால், அந்தச் சேவையை நீங்கள் கேட்டீர்களா, வேறிடத்தில் வாங்க முடியுமா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

ஜூலை 1க்குள் வரவுசெலவுத் திட்டம், டிசம்பர் 15க்குள் முதல் இடைக்கால அறிக்கை, மார்ச் 15க்குள் இரண்டாவது, செப்டம்பர் 15க்குள் முடிந்த ஆண்டின் தணிக்கைக்கு முந்தைய கணக்கு, டிசம்பர் 15க்குள் தணிக்கை அறிக்கை. தணிக்கையாளர் வங்கிக் கணக்கைப் பார்ப்பதோடு நிறுத்த மாட்டார். வருகைப் பதிவேடு, மணி அட்டவணை, தனிப் படிப்பு ஒப்பந்தங்களின் தேதிகள், வருமானப் படிவங்களின் மாதிரி எல்லாவற்றையும் எடுப்பார். ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து தேதியில்லாமல் இருந்தாலும் அந்த நாள்களின் வருகையைத் தள்ளுபடி செய்து, அதற்கான பணத்தை மாநிலத்துக்குத் திருப்பச் சொல்லலாம். ஆகவே ஒவ்வொரு பள்ளி மாதத்தின் முடிவிலும் உங்களுக்குள்ளேயே ஒருவர், பதிவேட்டைப் பராமரிப்பவர் அல்லாத வேறொருவர், மாதிரிக்குச் சில தாள்களை எடுத்துச் சரிபார்க்கட்டும். குறை தெரிந்தால் அந்த மாத அறிக்கை அனுப்புவதற்குள் எண்ணிக்கையைத் திருத்திவிடலாம். அனுப்பிய பிறகு திருத்த வேண்டுமென்றால் மாவட்டம், கவுண்டி, மாநிலம் என்று மூன்று படியும் ஏற வேண்டும்.